விற்க முதல் டிஸ்கவர் 125 பைக்கில் எதைத் திருத்துவது, எதை விடுவது?

உப்புவெளி_சிவப்பு:
வணக்கம். 2014 டிஸ்கவர் 125, சிவப்பு. தை முடிய முதல் விற்கவேண்டும். எஞ்சின், கியர், பிரேக்கில் குறையில்லை. வெளித்தோற்றம்தான் பிரச்சினை. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் தகரக் கொட்டிலில் நிற்கிற பைக்.

டாங்கியின் இடப்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு நெளிவு, பெயின்ற் உடையவில்லை. வலப்பக்கத்தில் ஒரு சாண் கீறல். பாதித் தூரம் நகம் வழுக்கிப் போகிறது, மிச்சத்தில் நகம் பிடிக்கிறது, ஓரிடத்தில் சாம்பல் நிறம் தெரிகிறது. பின் கவுலில் (சீற்றுக்குப் பின்பக்கப் பிளாஸ்ரிக் மூடி) ஸ்குரூ ஓட்டையடியில் வெடிப்பு. கறுப்பு பிளாஸ்ரிக் எல்லாம் வெளிறிப்போச்சு, ஹெட்லைட் மஞ்சள், சைலன்சரில் கறள், சாறி கார்ட்டின் குரோமில் புள்ளி புள்ளியாகக் கறள், எஞ்சின் கவரில் வெள்ளைப் பூப்பு.

கராஜில் கேட்டால் டாங்கிக்கு முழுசாகப் பெயின்ற் அடித்துவிடுவோம், புதுசு மாதிரி வரும் என்கிறார்கள். கையில் இருப்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அடிக்கக் கொடுக்கலாமா, இல்லை வீட்டிலேயே ஸ்பிரே டின்னால் சமாளிக்கலாமா?

கராஜ்_வாசல்:
டாங்கியை அடிக்கக் கொடுக்காதீங்க. பத்து வருசத்துப் பைக்கில் டாங்கி மட்டும் மினுங்கினால் வாங்க வருகிற ஆள் முதலில் கேட்பது "எங்க அடிபட்டது?" என்பதைத்தான். கூட ஒரு பாஸைக் (மெக்கானிக்) கூட்டிவந்தால் அவர் பையிலிருந்து காந்தத்தை எடுப்பார். நெளிவை நிரப்பப் பட்டி வைத்த இடத்தில் காந்தம் வழுக்கும். அதோடு விலை பேசுகிறது அவர்தான். கீறலும் சின்ன நெளிவும் ஓடின பைக்கின் அடையாளம், அதை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். கறளும் வெளிறலும் கவனிக்காமல் விட்டதன் அடையாளம். உங்கட நேரத்தை அங்கே போடுங்க.

எதிலும் கைவைக்க முதல் உப்பைக் கழுவவேண்டும். கடலடியில் நிற்கிற பைக்கில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு இருக்கும். அதற்கு மேல் பெயின்றோ வக்ஸோ போட்டால் உப்பு ஈரத்தை உறிஞ்சி, சில மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும். கிணற்றுத் தண்ணி உவராக இருந்தால் அதால் கழுவுவதும் வீண். குழாய்த் தண்ணி எடுங்க. கடைசி அலசல் கட்டாயம் நல்ல தண்ணியில். உடுப்புத் தோய்க்கிற பவுடர் வேண்டாம், வாகன ஷாம்பூ போதும். மட்கார்ட்டின் உட்பக்கம், சீற்றுக்குக் கீழே, டாங்கியின் கீழ் விளிம்பு ஆகிய மூன்றையும் பெரும்பாலும் மறப்பார்கள். பெரும்பாலான கறள் தொடங்குவதும் அங்கேதான்.

பிறகு கீறல். நகம் வழுக்குகிற பாதி நிறத்துக்கு மேலுள்ள கிளியர் (நிறமற்ற) படையில் மட்டும் இருக்கிறது. அதை ரப்பிங் கொம்பவுண்டால் (தேய்த்து மினுக்கும் பசை) எடுக்கலாம். ஆனால் அந்தப் படை பெரும்பாலும் 50 மைக்ரோனைத் தாண்டாது, ஒரு தலைமயிரை விட மெல்லிசு. ஆகவே டாங்கி முழுவதையும் தேய்க்கவேண்டாம். பழைய பருத்தி ரீசேட் துண்டில் கடலை அளவு கொம்பவுண்ட், உள்ளங்கை அளவு இடம், இரண்டு நிமிசம், துடைத்துப் பாருங்க, தேவையென்றால் இன்னொருதரம். டாங்கியின் முகடுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ற் இன்னும் மெல்லிசு. அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்க, இல்லாவிட்டால் அடிப்பூச்சான சாம்பல் பிரைமர் எட்டிப்பார்க்கும். தேய்க்கிற மெஷின் இரவல் வாங்கவேண்டாம். பழக்கமில்லாத கைக்கு விளிம்பைச் சுட்டுவிடும்.

கிண்ணியா_நானா:
நெளிவைப் பற்றி. ஹெயார் டிரையரால் சூடுகாட்டி ஐஸ் வைத்தால் டொக்கென்று வெளியே வரும் என்று வீடியோக்கள் சுத்துது. டாங்கி இரும்புத் தகடு. ஒருமுறை நெளிந்து நிலைத்த தகடு சூட்டுக்கும் குளிருக்கும் திரும்பி வராது. மெல்லிய பிளாஸ்ரிக் பம்பரில் சுடுதண்ணி வேலைசெய்யும், அதைப் பார்த்துத்தான் இந்தக் கதை கிளம்பியிருக்கு.

உள்ளேயிருந்து கம்பியால் தள்ளவும் வழி குறைவு. பெரிய வாசல் மூடி வாயும் அளவுமானி ஓட்டையும்தான், கம்பி அந்த வளைவுக்குப் போகாது. மிஞ்சுவது ஒட்டி இழுக்கிற குளூ புல்லர். பெற்றோலை இறக்கி, டாங்கியைக் கழற்றி, மூடியை இறுக்கி, வெளிக்காற்றில் வைத்துச் செய்யவேணும். வெறும் டாங்கிக்குள் நிக்கிற ஆவி, நிறைந்த டாங்கியை விட ஆபத்து. அதனால் ஹீட் கன், ஊது விளக்கு எதையும் கிட்ட கொண்டுபோக வேணாம். நெளிவு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் பாதிக்கு மேல் எழும்பும். நடுவில் கூரான மடிப்பு விழுந்திருந்தால் எழும்பாது. முன்பு ஒருக்கா அடிச்ச பெயின்றாக இருந்தால் குளூவோடு பெயின்றும் உரிஞ்சு வரும்.

குற்றி அளவு நெளிவு, பெயின்றும் உடையல்ல. விட்டுடுங்க தம்பி. படத்தில் அதைக் கிட்டப் பிடித்துக் காட்டிடுங்க. வந்து கண்டுபிடிக்கிற நெளிவுக்குத்தான் பேரம் பேசுவாங்க.

டாங்கியை யாரும் வெல்டிங் வைக்கலாம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகவேணாம்.

நீலநிற_பல்சர்:
மேலே ரெண்டு பேரும் பெயின்ற் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. சாம்பல் நிறம் தெரிகிற கீறல் கண் மட்டத்தில், படத்தில் முதலில் விழுகிற இடத்தில் இருக்கிறது. சரியான கடையில் டூ-கே பெயின்ற் (இறுக்கும் ஹார்டனர் கலந்தது) அடித்தால் வித்தியாசம் தெரியாது. 2020 இலிருந்து இலங்கையில் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் எந்தக் கோலத்தில் நிறுத்தினாலும் பைக் விலைபோனது. 2025 இல் திரும்பத் திறந்தபிறகு புதுசோடு போட்டி போடவேண்டியிருக்கிறது. தோற்றத்துக்கு முன்பை விட மதிப்பு அதிகம்.

கராஜ்_வாசல்:
சரியான கடை என்பதில்தான் சிக்கல் மச்சான். விற்கிற பைக்குக்கு ஆட்கள் தேடுவது மலிவான வேலை. மலிவு வேலையில் பட்டி தடிப்பாக இருக்கும், கிளியர் ஹார்டனர் கலக்காத வன்-கே ஆக இருக்கும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம் அளவில்தான் சேர்க்கவேண்டும். கெதியில் காயட்டும் என்று கூட்டிப்போட்டால் மிச்ச ஹார்டனர் மேலே ஊறி, அடித்த நிறத்தில் மஞ்சள் கறையாகத் தெரியும். பட்டியைத் தண்ணி போட்டுத் தேய்ப்பது இன்னொரு பிழை. அது பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடிக்கும். மாரியில் குடித்த ஈரம் பங்குனி வெயிலில் கொப்புளமாக வெளியே வரும். 80, 180, 320 நம்பர் மண்கடதாசி மூன்றாலும் உலரவே தேய்த்து, பிரைமர் அடித்தபிறகுதான் 600 வோட்டர் பேப்பருக்கு (நனைத்துத் தேய்க்கிற மண்கடதாசி) தண்ணி தொடலாம்.

கிளியர் விசயம் அதைவிட முக்கியம். சாதாரண ஸ்பிரே டின்னில் வருவது வன்-கே. அதற்குப் பெற்றோல் ஆகாது. பெற்றோல் அடிக்கும்போது மூடியடியில் நாலு துளி சிந்தினால் அந்த இடம் சுருங்கி நூடில்ஸ் மாதிரி ஆகும். டாங்கிக்கு ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர்தான் தாக்குப்பிடிக்கும். அதை வீட்டு முற்றத்தில் அடிக்கவும் கூடாது. ஹார்டனரில் ஐசோசயனேற் இருக்கிறது, சீலை முகமூடி அதை மறிக்காது. ஆகவே வீட்டு ஸ்பிரே டின் டாங்கிக்குக் கிட்டவும் வரவேண்டாம். கவுலுக்கும் சைலன்சருக்கும் வரலாம்.

பிளாஸ்ரிக்_வைத்தியர்:
பின் கவுலைக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கோ. அம்புக்குறிகளுக்கு நடுவில் ஏ.பி.எஸ் என்றோ பி.பி என்றோ பிளாஸ்ரிக் வகை பொறித்திருக்கும். வைத்தியம் அதைப் பொறுத்தது. பெயின்ற் அடித்த கவுல், பக்க மூடிகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.

ஏ.பி.எஸ் என்றால்: வெடிப்பின் நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கோ, அதற்கு மேல் வெடிப்பு ஓடாது. உட்பக்கத்தில் வெடிப்பு நெடுக V வடிவில் சுரண்டுங்கோ. உடைந்த பழைய ஏ.பி.எஸ் மூடித் துண்டுகளைச் சின்னனாக வெட்டி, கண்ணாடிப் போத்தலில் அசிட்டோனுக்குள் ஓரிரவு போட்டால் தேன் மாதிரிக் கரையும். அதை உட்பக்கத்தில் பூசி, நுளம்பு வலையளவு மெல்லிய கம்பி வலைத்துண்டை அமுக்கி, மேலே இன்னொரு பூச்சு. ஒரு முழுநாள் தொடக்கூடாது. அவசரம் என்றால் சூப்பர் குளூ விட்டு அப்பச்சோடா தூவலாம், உடனே கல்லாகும். ஆனால் அது நொறுங்கும் கல்; ஸ்குரூ ஓட்டையடியில் அதிர்வுக்குத் தாங்காது.

பி.பி என்றால் இரண்டும் ஒட்டாது. பிளாஸ்ரிக் வெல்டிங் செய்கிறவரிடம் கொடுங்கோ.

வெடித்தது ஏன் என்பதையும் பாருங்கோ. அந்த ஓட்டையில் குரொமெற் என்கிற றப்பர் வளையமும் வொஷரும் இருந்திருக்கவேண்டும். அது தொலைந்தபிறகு ஸ்குரூவை நேரே இறுக்கியிருப்பார்கள். புதுசு போடாமல் திரும்பப் பூட்டினால் முதல் குழியிலேயே அதே இடம் போகும்.

வெளிறிய கறுப்பு பிளாஸ்ரிக்குக்குக் கொம்பவுண்ட் பூசிவிடாதையுங்கோ, சொரசொரப்புக்குள் வெள்ளையாக ஏறி இருந்துவிடும். நன்றாகக் கழுவி உலர்த்தியபின் ஹீட் கன்னை 10–15 செ.மீ. தூரத்தில், நிற்காமல் அசைத்தபடி காட்டினால் கறுப்பு திரும்பும். மூன்று எண்ணுவதற்குள் நகர்த்தவேண்டும், நின்றால் வளைந்துவிடும். இது ஒரு தரம், இரண்டு தரம்தான் பலிக்கும். வெயிலில் மறுபடி வெளிறும். ஹீட் கன் இல்லாவிட்டால் பிளாஸ்ரிக்குக்கென்று விற்கிற ட்ரிம் றெஸ்ரோரர் பூசுங்கோ. தேங்காய் எண்ணெய் பூசினால் கச்சான் காற்றுக் காலத்தில் வீதிப் புழுதி முழுக்க அதில்தான். சிலிக்கோன் ஸ்பிரே என்றால் எல்லாப் பெயின்ற் வேலையும் முடிந்தபிறகு மட்டும். அதன் துளி பட்ட இடத்தில் பெயின்ற் விலகி மீன்கண் மாதிரிக் குழி விழும்.

ஹெட்லைட் பொலிகாபனேற். அதற்கு மேலிருந்த வெயில் காப்புப் பூச்சுத்தான் மஞ்சளாகியிருக்கு. பற்பசை சில கிழமைக்கு மட்டும். 800, 1500, 2000, 3000 என்று வோட்டர் பேப்பரைத் தண்ணியோடு ஏற்றிக்கொண்டு போங்கோ. ஒவ்வொன்றையும் முன்னையதற்குக் குறுக்கே தேயுங்கோ. முந்தின கோடு மறைந்தபிறகுதான் அடுத்தது. 800க்குப் பிறகு பார்த்தால் லைட்டைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றும், பயப்படவேண்டாம். 3000க்குப் பிறகு கொம்பவுண்ட், கடைசியில் வெயில் காப்புள்ள கிளியர். கிளியரை விட்டால் சில மாதத்தில் பழைய மஞ்சள். தின்னர், அசிட்டோன், பெற்றோல் எதுவும் அதில் படக்கூடாது. உள்ளே மயிர் மயிராக வெடிக்கும். அதற்கு மருந்தில்லை, லைட் மாற்றவேண்டியதுதான்.

உப்புவெளி_சிவப்பு:
நன்றி எல்லாருக்கும். டாங்கி அடிக்கும் யோசனையை விட்டுட்டன். அப்ப அந்தச் சாம்பல் தெரிகிற கீறலுக்கு டச்-அப் மட்டும் போதுமா? இப்ப மழை விட்டு விட்டுப் பெய்யுது, இந்த ஈரத்தில் செய்யலாமா?

கராஜ்_வாசல்:
போதும், பொறுமை இருந்தால். டச்-அப் போத்தலோடு வருகிற தூரிகை தடிப்பு, அதை எறியுங்க. பல்லுக் குத்துகிற குச்சியின் நுனி போதும். கீறலுக்குள் மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்து, இரும்பு தெரிந்தால் முதலில் ஒரு துளி பிரைமர். பிறகு நிறம். காயும்போது வற்றிக் கீழிறங்கும், அதனால் ஒரேயடியாக நிரப்பாமல், ஒரு மணித்தியால இடைவெளியில் நாலைந்து மெல்லிய பூச்சு. கடைசிப் பூச்சு சுற்றியுள்ள பெயின்றை விடக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும். ஒரு கிழமை காயவிடுங்க, இந்தக் காலநிலைக்கு இரண்டு. அதற்குப் பிறகு கீறலின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அழிறப்பரைச் சுற்றி 2000 வோட்டர் பேப்பர் வைத்து, சவர்க்காரத் தண்ணியில் மட்டமாக்குங்க. டேப்பை எடுத்துவிட்டுக் கொம்பவுண்ட். உங்கட முதல் ஞாயிறு இதற்கு, இரண்டாவது ஞாயிறு தேய்ப்பதற்கு. இடையில் இரண்டு கிழமை விடுங்க.

சிவப்பில் மினுக்கம் கலந்திருந்தால் டச்-அப் ஒருபோதும் நூறு வீதம் சேராது. மினுக்கத் துகள் ஸ்பிரேயில் படுத்திருக்கும், குச்சியில் நட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு மீற்றர் தூரத்தில் தெரியாவிட்டால் சரி.

ஈரம் பற்றி: தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். மாரிக் காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பெயின்ற் பால் மாதிரி வெளுக்கும். மழை ஓய்ந்து, நிலம் காய்ந்து, ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறினபிறகு செய்யுங்க. நடுமத்தியான வெயிலில் நேரே வைத்தும் அடிக்கவேண்டாம். ஸ்பிரே தகட்டில் படமுதல் காய்ந்து தோடம்பழத் தோல் மாதிரி வரும். கவுலுக்கு டின்னை 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பிரைமர் இரண்டு, நிறம் மூன்று, கிளியர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிச இடைவெளி. முதல் நிறப் பூச்சில் எல்லாம் மூடவேண்டும் என்று நினைத்தால் வழியும்.

கறள்_எதிரி:
மிஞ்சின மூன்றையும் நான் எடுக்கிறேன்.

சைலன்சர்: பெயின்ற் அடிக்க முதல் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே தகடு கலகலத்தால், அல்லது கீழ் வெல்டிங்கடியில் கரிப் புள்ளி இருந்தால், பெயின்ற் வேலையே வேண்டாம். குறுகிய ஓட்டங்களில் உள்ளே தேங்குகிற தண்ணி அதை உள்ளிருந்தே தின்றிருக்கும். நல்லதாக இருந்தால் கம்பித் தூரிகை, பிறகு 120, 240 மண்கடதாசி, ஸ்பிரிட். 600 பாகை செல்சியஸ் தாங்கும் மட் கறுப்பு, சாதாரண பிரைமர் இல்லாமல் மெல்லிசாக மூன்று. சாதாரணக் கறுப்பு அடித்தால் முதல் ஓட்டத்தில் மணக்கும், இரண்டாவதில் உரியும். இந்தப் பெயின்றைச் சூடுதான் இறுக்கும்: 5 நிமிசம் ஸ்ராட்டில் விட்டு ஆறவையுங்கள், பிறகு 10 நிமிசம், ஆறவையுங்கள், பிறகு பக்கத்து நிலாவெளி வரை ஒரு ஓட்டம். அதுவரை தண்ணி படக்கூடாது.

சாறி கார்ட்: அலுமினியம் ஃபொயிலைக் கசக்கி, தண்ணியில் தோய்த்துத் தேயுங்கள். ஃபொயில் குரோமை விட மென்மை, குரோமைக் கீறாமல் கறளை மட்டும் எடுக்கும். மண்கடதாசியைத் தொடவே வேண்டாம். தேய்த்தபின் குழிப்புள்ளி மிஞ்சும். அது கறள் மேலே பூசினதல்ல, குரோமுக்குக் கீழேயிருந்து வந்தது. உலர்த்தி வக்ஸ் பூசிவிடுங்கள், இந்தக் கடற்காற்றுக்கு வெறும் குரோம் ஒரு கிழமை தாங்காது. குரோமின் மேல் சில்வர் பெயின்ற் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; ஒட்டாது, நகத்தால் உரியும். அவ்வளவு மோசமென்றால் புது கார்ட் வாங்குவது மலிவு.

எஞ்சின் கவர்: வெள்ளைப் பூப்பு அலுமினியம் உப்பில் அரிந்தது. கோஸ்டிக் சோடா போட்டால் பளிச்சென்று வரும் என்பார்கள். வரும்தான், அலுமினியத்தையே கரைத்துக்கொண்டு. மலசலகூடம் கழுவுகிற அமிலமும் அப்படியே, அதோடு பக்கத்துச் சங்கிலியையும் போல்ட்டையும் சேர்த்துக் கறளாக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையுமாக எண்ணெயை எடுத்து, சவர்க்காரத்தால் கழுவி, உரிந்த லாக்கர் விளிம்புகளை 400, 600 ஆல் மட்டமாக்கி, மெற்றல் பொலிஷ் போடுங்கள். பாதி போனால் போதும். கவருக்குச் சில்வர் அடித்துவிடாதீர்கள். புதுசாக அடித்த கவரைப் பார்த்தால் பாஸ் உடனே போல்ட் தலைகளைப் பார்ப்பார், கஸ்கெற் விளிம்பைத் தடவுவார், எஞ்சின் திறந்து மூடினது என்று முடிவெடுத்துவிடுவார்.

கிண்ணியா_நானா:
கறுப்பு ஸ்பிரே கையில் இருக்கிற உற்சாகத்தில் சேசிஸ் நம்பர் பொறிச்ச கழுத்துப் பக்கம் போகவேணாம். அதில் பெயின்ற் ஏறியிருந்தால் வாங்குறவர் மட்டுமில்ல, பொலிஸும் சந்தேகப்படும். நம்பருக்கு மேல் மெல்லிசா கிரீஸ் மட்டும் தடவுங்க. கவுலையும் அதே சிவப்பிலேயே அடிங்க. நிறம் மாறினால் சி.ஆர். (வாகனப் பதிவு) புத்தகத்திலுள்ள நிறத்தோடு ஒத்துப்போகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் மாற்றின பிறகுதான் விக்கலாம்.

நீங்க எழுதாத ஒண்டு: கை படுற இடங்கள். ஹாண்டில் கிரிப் ஒரு சோடி, கிளச் பிரேக் லீவர், கிக்கர் றப்பர், கால் வைக்கிற றப்பர், மங்கின கண்ணாடி. மொத்தமா ஒரு மணித்தியால வேலை. ஓட்டிப் பார்க்க ஏறுறவர் முதலில் பிடிக்கிறது கிரிப்பைத்தான். அது பிசுபிசுத்தால் நீங்க டாங்கியில் பட்ட பாடு கண்ணில் படாது. புதுக் கிரிப் ஏறாவிட்டால் எண்ணெய் போடாதீங்க, பிறகு முறுக்கும்போது வழுக்கும். உள்ளே கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுத் தள்ளினால் ஏறும், ஸ்பிரிட் ஆவியானதும் இறுகும்.

உப்புவெளி_சிவப்பு:
நானா, டாங்கி ஸ்ரிக்கரும் வெளிறித்தான் இருக்கு. அதை உரிச்சுப் புதுசு ஒட்டினால்?

கிண்ணியா_நானா:
நகத்தால் விளிம்பைத் தடவுங்க. விளிம்பு தட்டுப்படாட்டி அது கிளியருக்குக் கீழே இருக்கு, எடுக்க ஏலாது. தட்டுப்பட்டால் ஹெயார் டிரையரால் இளஞ்சூடு காட்டி, மேலே இழுக்காமல் தாழ்வா, பின்பக்கமாகப் படுக்கவைத்து உரியுங்க. பசை மண்ணெண்ணெயில் போகும். ஆனால் கீழே வெயில் படாத சிவப்பு கடும் நிறத்தில் பழைய ஸ்ரிக்கரின் உருவத்திலேயே நிக்கும். அதை மறைக்கவேணுமெண்டால் புது ஸ்ரிக்கரும் அதே அளவு, அதே வெட்டாக இருக்கவேணும். வாங்க முதல் பழையதின் மேல் எண்ணெய்த்தாள் வைத்து விளிம்பை வரைஞ்சு, கடைக்குக் கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்க. பொருந்தாட்டி பழையதையே விடுங்க.